ஆட்டமும் மனுவும்: கார்லைல் அணியின் 1912

1

விளையாட்டைப் பற்றி எழுதுவது நம்முடைய சிறுபத்திரிகைச் சூழலில் கொஞ்சம் கூச்சமான காரியமாகவே இருந்துவருகிறது. விளையாட்டா, அது வெகுஜனப் போதை, அதைப் பேச தினசரிகளின் கடைசிப் பக்கம் இருக்கிறது என்பது ஒரு தரப்பு. ஒடுக்கப்பட்டவன் களத்தில் ஜெயித்துவிட்டால் அதுவே எதிர்ப்பு, அதுவே கலகம் என்று கைதட்டுவது இன்னொரு தரப்பு. ஒரு விஷயத்தில் இரண்டும் ஒத்துப்போகின்றன. அந்த ஆட்டம் எப்படி ஆடப்படுகிறது, அதன் விதிகளை யார் எழுதுகிறார்கள், விதி மீறப்பட்டது என்று யார் விசில் ஊதுகிறார்கள் என்ற கேள்விகளுக்குள் இரண்டுமே இறங்குவதில்லை. ரோலான் பார்த் 1957இல் வெளியிட்ட தன் 'புராணவியல்கள்' நூலை மல்யுத்தம் பற்றிய கட்டுரையோடுதான் தொடங்கினார். சி.எல்.ஆர். ஜேம்ஸ் 1963இல் கிரிக்கெட்டை வைத்துக்கொண்டே காலனியத்தின் வரலாற்றை எழுதினார். ஆகவே கூச்சப்பட ஒன்றுமில்லை.

நான் இங்கே எடுத்துக்கொள்வது ஒரு அமெரிக்கக் கால்பந்து அணியின் ஒரே ஒரு பருவத்தை. பென்சில்வேனியா மாநிலத்தில் கார்லைல் என்ற ஊரில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்காக அரசாங்கம் நடத்திய தொழிற்பள்ளியின் அணி அது. ஆண்டு 1912. ('செவ்விந்தியர்' என்று நம் பாடப்புத்தகங்கள் பழக்கிய சொல்லை விட்டுவிடுகிறேன். திசை தப்பிய மாலுமி ஒருவன் வைத்த பெயருக்கு நாமும் சேர்ந்து நிறம் பூச வேண்டியதில்லை.)

கதை வழக்கமாக இப்படிச் சொல்லப்படும். அமெரிக்கக் குதிரைப்படை 1890இல் வூண்டட் நீ என்ற இடத்தில் லகோட்டா மக்களைப் பெண்கள், குழந்தைகள் என்று பாராமல் சுட்டுத் தள்ளியது. இருபத்திரண்டு வருஷம் கழித்துப் பூர்வகுடிப் பிள்ளைகள் அதே ராணுவத்தின் அதிகாரிப் பள்ளியை, அதன் சொந்த மைதானத்திலேயே, 27-6 என்று அடித்து நொறுக்கினார்கள். கணக்குத் தீர்ந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சினிமாகூட எடுக்கலாம். ஆனால் தீர்ந்தது யாருடைய கணக்கு? எந்தப் பேரேட்டில் எழுதிய கணக்கு?

2

முதலில் ஆட்டம் என்னவென்று பார்த்துவிடுவோம். நாம் கால்பந்து என்று சொல்வதற்கும் இதற்கும் பெயரைத் தவிர உறவு குறைவு. பந்து முட்டை வடிவம். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஓடலாம், எறியலாம். ஓடுகிறவனை எதிராளி கட்டிப்பிடித்துக் கீழே சாய்க்கலாம். பக்கத்துக்குப் பதினோரு பேர். மைதானம் 100 கஜம். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் 10 கஜம் முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு. இல்லாவிட்டால் பந்து கைமாறும். எதிராளியின் எல்லைக்கோட்டைத் தாண்டினால் 'டச்டவுன்', 6 புள்ளி. அதன்பின் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் 1 புள்ளி. நான்கு வாய்ப்பு, 100 கஜம், 6 புள்ளி என்ற இந்த மூன்றுமே 1912ஆம் ஆண்டின் விதிகளில்தான் வந்தன.

ஆக, இது நிலத்தைக் கஜம் கஜமாகப் பிடிக்கிற ஆட்டம். அமெரிக்காவில் நிலம் எப்படிப் பிடிக்கப்பட்டது என்பது நமக்குத் தெரியும். 1887ஆம் ஆண்டின் டாஸ் சட்டம் பூர்வகுடிகளின் பொது நிலத்தைத் தனித்தனித் துண்டுகளாக வெட்டியது; மிச்சமானதை வெள்ளைக் குடியேறிகளுக்குத் திறந்துவிட்டது. 1891 செப்டம்பரில் ஓக்லஹோமாவில் சாக் அண்ட் ஃபாக்ஸ் மக்களின் நிலத்துக்கு வெள்ளையர்கள் கோட்டில் வரிசையாக நின்று, சைகை கிடைத்ததும் ஓடிப்போய் இடம் பிடித்தார்கள். அந்த மக்களில் பிறந்து, அப்போது சின்னப் பையனாக இருந்தவர்தான் பின்னாளில் கார்லைல் அணியின் பெரிய நட்சத்திரமான ஜிம் தார்ப். ஒரு வித்தியாசத்தை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். ஆட்டத்தில் இழந்த நிலம் அடுத்த தடவை பந்து கிடைத்தால் திரும்ப வரும். ஓக்லஹோமாவில் வராது.

அன்றைக்கு இந்த ஆட்டம் கல்லூரிகளின் சொத்து. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆட்கள்தான் விதிகளைத் திருத்தினார்கள், நடுவர்களாகவும் நின்றார்கள். மேட்டுக்குடி இளைஞர்களுக்கு ஆண்மையைப் பழக்கப் போர் கிடைக்காத காலத்தில் போரைப் போன்ற ஓர் ஆட்டம் அவர்களுக்குத் தேவைப்பட்டது. 1905 பருவத்தில் மட்டும் 18 பேர் செத்ததாகப் பத்திரிகை எழுதியது. ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் கல்லூரிக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசினார். 1906இல் பந்தை முன்னோக்கி எறிவது சட்டபூர்வமானது. கார்லைல் கல்லூரியே அல்ல; தச்சு, கொல்லு, தையல் சொல்லிக்கொடுத்த பள்ளி. அது எப்படி இந்தப் பெரிய மனிதர்களின் ஆட்டத்துக்குள் வந்தது என்பதுதான் சுவாரஸ்யமான கேள்வி.

3

ரிச்சர்ட் ஹென்றி ப்ராட் ஒரு குதிரைப்படை அதிகாரி. 1875இலிருந்து 1878 வரை ஃபுளோரிடாவில் ஃபோர்ட் மரியன் கோட்டையில் பூர்வகுடிக் கைதிகளைக் காவல்காத்தவர். அங்கே அவர்களுக்கு முடிவெட்டி, சீருடை போட்டு, ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார். கைதிகளிடம் செய்த அந்தப் பரிசோதனையைக் குழந்தைகளிடம் விரிவாக்கியதுதான் 1879இல் தொடங்கிய கார்லைல் பள்ளி. இடம், பழைய குதிரைப்படைப் பயிற்சிக் கொட்டடி. நாற்பது வருஷத்தில் 140க்கும் மேற்பட்ட இனங்களிலிருந்து சுமார் 7,800 பிள்ளைகள் இந்தப் பள்ளிக்குக் கொண்டுவரப்பட்டார்கள். பூர்வகுடித்தன்மையை அழித்துவிட்டு மனிதனை மட்டும் மிச்சம்பிடிப்பது என்பதே ப்ராட்டின் கொள்கை. அவர் இதை ஒளிக்கவும் இல்லை. மேடை போட்டே பேசினார்.

வந்து இறங்கியதும் கூந்தலை வெட்டினார்கள். லகோட்டா மரபில் இழவு விழுந்தால்தான் முடியை வெட்டுவது. பிள்ளைகள் என்ன நினைத்திருப்பார்கள்? அப்புறம் பெயர். கரும்பலகையில் வெள்ளைக்காரப் பெயர்களை எழுதிவைத்து, குச்சியைக் கையில் கொடுத்து, ஒன்றைத் தொடச் சொன்னார்கள். எழுதியிருப்பது என்னவென்றே தெரியாமல் தொட்ட ஒரு பையன் லூதர் ஆனான். பிற்காலத்தில் லூதர் ஸ்டாண்டிங் பேர் என்ற பெயரில் இதையெல்லாம் எழுதிவைத்தவர் அவர்தான். தாய்மொழி பேசினால் தண்டனை. விடுமுறையில் வீட்டுக்கு அனுப்பாமல் வெள்ளைக்காரக் குடும்பங்களிடம் பண்ணை வேலைக்கும் வீட்டு வேலைக்கும் சொற்பக் கூலிக்கு அனுப்பினார்கள். இதற்குப் பெயரும் கல்விதான்.

பள்ளிக்கு ஒரு புகைப்படக்காரர் இருந்தார். வந்த அன்றைக்கு ஒரு படம், சில வருஷம் கழித்து ஒரு படம். நவஹோ இளைஞர் டாம் டொர்லினோவின் இரட்டைப் படம் இதில் பிரசித்தம். முதல் படத்தில் நீண்ட கூந்தல், காதணி. இரண்டாவதில் கோட்டு, டை, வகிடெடுத்த தலை. நிறம்கூட வெளுத்துத் தெரிகிறது. ஒளியமைப்பும் இந்தக் கல்விக்குக் கைகொடுத்திருக்கிறது. இந்தப் படங்களை அச்சடித்து அரசியல்வாதிகளுக்கும் நன்கொடையாளர்களுக்கும் அனுப்பினார்கள்.

சிறை, படைக்கொட்டடி, பள்ளிக்கூடம், மருத்துவமனை ஆகியவை உடலை ஒழுங்குபடுத்துவதில் ஒரே தொழில்நுட்பத்தைப் பகிர்ந்துகொள்கின்றன என்று மிஷல் ஃபூக்கோ 1975இல் எழுதினார். நம்மில் பலர் இதைக் கோட்பாடாகப் படித்தோம். கார்லைலில் அது கோட்பாடாக இல்லை, கட்டட வரலாறாகவே இருக்கிறது. சிறையில் கற்ற முறை படைக்கொட்டடிக்கு வந்து பள்ளிக்கூடமானது. 1918இல் பள்ளியை மூடியதும் அதே கட்டடங்கள் ராணுவ மருத்துவமனை ஆயின. இன்றைக்கு அங்கே ராணுவ உயர்கல்லூரி இருக்கிறது.

4

இப்படிப்பட்ட இடத்தில் கால்பந்து என்ன செய்தது? தொடக்கத்தில் ஒரு மாணவனின் கால் முறிந்ததும் ப்ராட் வெளி அணிகளோடு ஆடுவதைத் தடை செய்தார். மாணவர்கள் திரண்டுபோய்க் கேட்டார்கள். இரண்டு நிபந்தனையோடு விட்டுக்கொடுத்ததாக அவரே தன் நினைவுக்குறிப்பில் எழுதுகிறார். ஒன்று, எதிராளி அடித்தாலும் திருப்பி அடிக்கக் கூடாது. இரண்டு, சில வருஷத்துக்குள் நாட்டின் மிகச்சிறந்த அணியை ஜெயிக்க வேண்டும். திருப்பி அடிக்காமல் ஜெயிக்கணும்! பூர்வகுடிகளுக்கு அமெரிக்கா கொடுத்த எல்லா வாக்குறுதிகளுக்கும் அடியில் இருக்கும் நிபந்தனை இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ப்ராட்டுக்குத் தேவைப்பட்டது இன்னொரு இரட்டைப் படம். நாகரிகப்பட்ட உடல் வெள்ளைக்காரக் கனவான்களோடு சமமாக மோதி, முகம் சுளிக்காமல் கைகுலுக்குகிற அசையும் படம்.

1896இல் கார்லைல் அணி பிரின்ஸ்டன், யேல், ஹார்வர்ட், பென்சில்வேனியா ஆகிய நான்கு பெரிய அணிகளையும் ஒரே பருவத்தில் எதிர்கொண்டது. யேலோடு நியூயார்க்கில் ஆடும்போது கார்லைல் ஆட்டக்காரர் ஒருவர் பிடியிலிருந்து உருவிக்கொண்டு ஓடி எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டார். நடுவர் தான் முன்பே விசில் ஊதிவிட்டதாகச் சொல்லி அந்த டச்டவுனை ரத்து செய்தார். ஆட்டம் 12-6 என்று யேலுக்குப் போனது. அந்த நடுவர் யார் தெரியுமா? யேலின் பழைய மாணவர். அந்த வருஷம் கார்லைல் அணிக்கே பயிற்சியாளர். பார்வையாளர்களே கூச்சல் போட்டார்கள். விசில் யார் வாயில் இருக்கிறது என்ற கேள்வியை இதைவிடத் தெளிவாக விளக்க ஒரு உதாரணத்தைக் கற்பனையாகக்கூட என்னால் உண்டாக்க முடியாது.

1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்த க்ளென் 'பாப்' வார்னர் பயிற்சியாளராக வந்தார். கார்லைல் ஆட்டக்காரர்கள் எடை குறைந்தவர்கள். மோதித் தள்ளும் ஆட்டத்தில் எடையே மூலதனம் என்பதால் வார்னர் வேகத்தையும் ஏமாற்றையும் நம்பினார். 1903இல் ஹார்வர்டோடு ஆடும்போது உதைத்துவந்த பந்தை ஒரு ஆட்டக்காரரின் பனியனுக்குள் முதுகுப் பக்கமாகச் செருகிவிட்டார்கள். எல்லோரும் பந்து வைத்திருப்பதுபோல் பாவனை செய்துகொண்டு சிதறி ஓட, பந்து எங்கே என்று ஹார்வர்டுக்காரர்கள் தேடிக்கொண்டிருக்கும்போதே அவர் கோட்டைத் தாண்டிவிட்டார். (ஆட்டத்தை 12-11 என்று ஜெயித்தது ஹார்வர்ட்தான்.) இது 'இந்தியத் தந்திரம்', அவர்களின் ரத்தத்தில் ஊறிய சூழ்ச்சி என்று பத்திரிகைகள் எழுதின. பனியனில் எலாஸ்டிக் தைக்கச் சொன்னவர் வார்னர். அந்த வித்தையை 1895லேயே தெற்கத்தி வெள்ளையர் கல்லூரி ஒன்று ஆடிக்காட்டியிருந்தது. வெள்ளையன் செய்தால் உத்தி; அதையே பூர்வகுடி செய்தால் இனக்குணம். ஒரே செயல், இரண்டு சொல்லாடல்கள்.

அதே சமயம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எறிதல் சட்டமானதும் அதை முழுமையாகக் கையில் எடுத்தவர்களில் முதன்மையானது கார்லைல். 1907இல் பென்சில்வேனியா அணியை 26-6 என்று ஜெயித்தது அந்த எறிதலால்தான். இன்றைக்கு அமெரிக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து பார்க்கிற ஆட்டத்தின் வடிவத்தில் கார்லைல் பிள்ளைகளின் பங்கு கணிசமானது. பாவனை செய்யச் சொன்னார்கள். பாவனை மூலத்தையே மாற்றிவிட்டது.

5

இப்போது 1912. அந்த வருஷக் கோடையில் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஜிம் தார்ப் ஐந்து போட்டிகள் கொண்ட பென்டாத்லான், பத்துப் போட்டிகள் கொண்ட டெகாத்லான் இரண்டிலும் தங்கம் வாங்கினார். அதே பள்ளியின் ஹோப்பி இனத்து லூயி டெவானிமா 10,000 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வாங்கினார். பிள்ளைகளை அரசாங்கப் பள்ளிக்கு அனுப்ப மறுத்த தரப்பைச் சேர்ந்தவர் டெவானிமா. 1907இல் அவரைக் கிட்டத்தட்ட கைதியாகத்தான் கார்லைலுக்குக் கொண்டுவந்தார்கள். ஐந்து வருஷத்தில் அதே ஆள் அமெரிக்கக் கொடியின்கீழ் ஓடுகிறார். பூர்வகுடிகள் எல்லோருக்கும் அமெரிக்கக் குடியுரிமை வந்தது 1924இல்தான் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

இலையுதிர்காலத்தில் கால்பந்துப் பருவம் தொடங்கியது. கார்லைல் பெரும்பாலும் வெளியூரில்தான் ஆடும். ரயிலேறி, ஊர் ஊராகப் போய், நுழைவுக் கட்டணத்தில் பங்கு வாங்கிவரும் அணி. பருவத்தின் தொடக்கத்தில் வாஷிங்டன் அண்ட் ஜெஃபர்சனோடு 0-0 என்று ஒரு சமநிலை. முந்தைய வருஷம் தங்களை ஒரே ஒரு புள்ளியில் தோற்கடித்த சிரக்யூஸை இம்முறை 33-0. பிட்ஸ்பர்கை 45-8. ஜார்ஜ்டவுனை 34-20.

நவம்பர் 9, வெஸ்ட் பாயின்ட். எதிரே அமெரிக்க ராணுவத்தின் வருங்கால அதிகாரிகள். அவர்களில் ஒருவர் ட்வைட் ஐசன்ஹோவர், பின்னாளில் ஜனாதிபதி. உங்கள் தகப்பன்மாரோடு சண்டை போட்டவர்களின் பிள்ளைகள் இவர்கள் என்று வார்னர் உசுப்பேற்றியதாகக் கதை உண்டு. உசுப்பேற்றியவரும் வெள்ளையர்தான் என்பது கதையில் கவனிக்கப்படுவதில்லை. முதல் டச்டவுன் ராணுவத்துக்கு. உதை தவறியதால் ஆறோடு நின்றது. பாதி ஆட்டத்தில் 7-6. கார்லைல் ஆட்டக்காரர்கள் இறக்கைபோல் இரு புறமும் விரிந்து நின்ற புது அடுக்கில், பந்து எந்தப் பக்கம் போகும் என்பது எதிராளிக்குப் பிடிபடவில்லை. அந்தக் காலத்தில் எந்த நகர்வை ஆடுவது என்று களத்தில் தீர்மானிப்பவர் குவார்ட்டர்பேக். அந்த இடத்தில் இருந்தவர் விஸ்கான்சினிலிருந்து வந்த ஓஜிப்வே இளைஞர் கஸ் வெல்ச். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பாதியில் ராணுவ அணியின் தலைவர் லேலண்ட் டெவோர், கார்லைலின் ஜோ கையனைத் தாக்கியதற்காக வெளியேற்றப்பட்டார். தார்ப்பைப் பிடிக்கப் போன ஐசன்ஹோவர் சக ஆட்டக்காரரோடு மோதிக்கொண்டு களத்தைவிட்டுப் போக வேண்டியதாயிற்று. முடிவு 27-6. 

சினிமாவாக இருந்தால் திரை இங்கே விழும். பருவம் என்பது சினிமா இல்லை. அடுத்த சனிக்கிழமையே பென்சில்வேனியாவிடம் 34-26 என்று தோற்றார்கள். அந்தப் பருவத்தின் ஒரே தோல்வி அதுதான். கடைசியில் பிரௌன் பல்கலைக்கழகத்தை 32-0. மொத்தம் 12 வெற்றி, 1 தோல்வி, 1 சமநிலை.

இந்த வெற்றி என்னவாக மாற்றப்பட்டது என்று பார்க்க வேண்டும். ஆட்ட வருமானம் பள்ளியின் அரசாங்கக் கணக்கில் சேராமல் தனி விளையாட்டு நிதியாக, வார்னரின் செல்வாக்கில் இருந்தது. அதில் கட்டடங்கள் எழும்பின; பயிற்சியாளருக்கு வீடு கட்டினார்கள். பத்திரிகைகளில் கார்லைல் பெயர் வந்தது. பார்த்தீர்களா, எங்கள் கல்வி வேலை செய்கிறது என்று பள்ளி நிர்வாகம் சொல்லிக்கொண்டது. ஒவ்வொரு டச்டவுனும் பள்ளியின் கொள்கைக்கு ஒரு சான்றிதழ். ஆட்டக்காரனுக்கு அது பழிவாங்கலாக இருந்திருக்கலாம், சந்தோஷமாக இருந்திருக்கலாம். பிற்காலத்தில் பலர் பெருமையோடுதான் நினைவுகூர்ந்தார்கள். அந்தச் சந்தோஷத்தை 'பொய்யுணர்வு' என்று தள்ளிவிட நான் தயாராக இல்லை. ஆனால் அந்தச் சந்தோஷம் களத்தின் வெள்ளைக் கோட்டைத் தாண்டி வெளியே வந்ததும் அதன் அர்த்தத்தைத் தீர்மானித்தவர்கள் வேறு ஆட்கள்.

6

இதற்கு நிரூபணம் இரண்டே மாதத்தில் வந்தது. 1913 ஜனவரியில் மாசசூசெட்ஸ் மாநிலப் பத்திரிகை ஒன்று, தார்ப் 1909, 1910 கோடைகளில் வட கரோலினாவில் காசு வாங்கிக்கொண்டு பேஸ்பால் ஆடியதாக எழுதியது. ஒலிம்பிக் அப்போது 'அமெச்சூர்'களுக்கு மட்டும், அதாவது காசுக்காக ஆடாதவர்களுக்கு மட்டும். பதக்கங்களைப் பிடுங்கினார்கள், பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். புகார் என்றால் போட்டி முடிந்து முப்பது நாளைக்குள் வந்திருக்க வேண்டும் என்று ஒலிம்பிக் விதியே சொன்னது. ஆறு மாதம் ஆகியிருந்தது. யாரும் கேட்கவில்லை. விவரம் தெரியாத பூர்வகுடிப் பள்ளிப் பையன், மன்னித்துவிடுங்கள் என்ற தொனியில் தார்ப் பெயரில் ஒரு கடிதம் போனது. அதன் வாசகத்தில் வார்னரின் கை இருந்ததாகவே வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். உலகத்தின் தலைசிறந்த விளையாட்டு வீரனைத் திரும்பவும் 'விவரம் தெரியாத பையன்' ஆக்குவதற்கு ஒரு கடிதம் போதுமானதாக இருந்தது.

அமெச்சூர் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கூலிக்காரர்களைக் கனவான்களின் பந்தயத்திலிருந்து விலக்கிவைக்க உருவான கருத்து. சொத்து உள்ளவன் சும்மா ஆடுவான்; இல்லாதவன் சும்மா ஆட முடியாது. கார்லைலில் இது இன்னும் கூர்மையாகிறது. கோடையில் வெள்ளையர் பண்ணையில் சொற்பக் கூலிக்கு உழைத்தால் அது கல்வி. இலையுதிர்காலத்தில் பள்ளிக்காகக் கூட்டம் சேர்த்து வசூல் பண்ணிக் கொடுத்தால் அது பண்பாடு. அதே உடல் தனக்காகக் காசு வாங்கினால் குற்றம். உழைப்பு ஒன்றுதான், காசு எந்தப் பையில் விழுகிறது என்பதை வைத்து அதன் பெயர் மாறுகிறது.

இந்தப் பெயர்மாற்றும் அதிகாரம் லேசில் போகவில்லை. 1912இல் தார்ப்போடு அதே போட்டிகளில் ஆடித் தோற்ற ஏவரி பிரண்டேஜ், 1952 முதல் 1972 வரை சர்வதேச ஒலிம்பிக் குழுவின் தலைவராக இருந்தார், கடைசிவரை அசையவில்லை. 1982இல் முடிவு மாறி, 1983இல் பதக்கப் பிரதிகளைக் குடும்பத்தாரிடம் கொடுத்தார்கள். அதுவும் 'கூட்டு வெற்றியாளர்' என்ற பட்டத்தோடு. தார்ப்தான் ஒரே வெற்றியாளர் என்று பதிவேடு திருந்தியது 2022இல். கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் சொந்தப் பெயரை வைத்துச் சம்பாதிக்க அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2021இல். கல்லூரிகளே நேரடியாகப் பணம் தர வழி பிறந்தது 2025இல்.

7

கஸ் வெல்ச்சிடம் வருவோம். வெஸ்ட் பாயின்ட் ஆட்டத்துக்குப் பிறகான அடுத்த குளிர்காலத்தில் அவர் ஒரு மனு தயாரித்து மாணவர்களிடம் கையெழுத்து வாங்கினார். இருநூறுக்கும் மேற்பட்டோர் கையெழுத்துப் போட்டார்கள். பள்ளி நிர்வாகத்தை விசாரிக்க வேண்டும் என்று கேட்டு மனு வாஷிங்டனுக்குப் போனது. 1914 தொடக்கத்தில் நாடாளுமன்றக் கூட்டுக்குழு கார்லைலுக்கே வந்து விசாரணை நடத்தியது. மாணவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்து சாட்சியம் சொன்னார்கள். வார்னர் ஆட்டக்காரர்களை வசைபாடுவதும் அடிப்பதும், பேண்ட் வாத்தியார் ஒரு மாணவியை அடித்தது, விளையாட்டு நிதி போன வழி, அதிலிருந்து பத்திரிகைக்காரர்களுக்குக் கொடுத்த பணம் எல்லாம் பதிவாயிற்று. பள்ளியின் கண்காணிப்பாளர் பதவி இழந்தார். வார்னர் 1915இல் பிட்ஸ்பர்குக்குப் போய் அங்கே இன்னும் பெரிய பயிற்சியாளர் ஆனார். 1914 பருவத்தில் கார்லைல் ஜெயித்ததைவிடத் தோற்றது அதிகம். 1918இல் பள்ளி மூடப்பட்டது.

நான் சொல்ல வருவது இதைத்தான். கார்லைல் பற்றி எழுதப்பட்ட கதையாடல்களில் எதிர்ப்பின் உச்சம் என்று காட்டப்படுவது 27-6. எனக்கு உச்சமாகப் படுவது அந்த மனு. மைதானத்தில் அவர்கள் இன்னொருவர் எழுதிய விதிக்குள் ஜெயித்தார்கள். மனுவில் அந்த விதியை நடத்துபவர்களின் கணக்குப் புத்தகத்தைக் கேட்டார்கள். எந்த மொழியைத் திணிப்பதற்காக அவர்கள் வாயைக் கட்டினார்களோ அந்த மொழியில், எந்தப் பெயர்களைக் குச்சியால் தொடவைத்தார்களோ அப்படிப்பட்ட பெயர்களில் கையெழுத்துப் போட்டு, கேட்டார்கள்.

ஆட்டத்தையும் மனுவையும் எதிரெதிராக நிறுத்தவும் நான் விரும்பவில்லை. களத்தில் பத்துப் பேரை ஒரே வார்த்தையில் நகர்த்திப் பழகிய ஒருவர்தான் இருநூறு பேரிடம் கையெழுத்து வாங்கினார். ஊர் அறிந்த ஆட்டக்காரர் என்பதாலும்தான் வாஷிங்டன் காது கொடுத்தது. ஃபிராங்க் வொரல் 1960இல் மேற்கிந்தியத் தீவுகள் அணிக்கு நிரந்தரத் தலைவரான முதல் கறுப்பர் ஆனபோது, அதற்கு அவருடைய மட்டையும் வேண்டியிருந்தது, ஜேம்ஸ் தன் பத்திரிகையில் விடாமல் நடத்திய பிரச்சாரமும் வேண்டியிருந்தது. கார்லைலில் மட்டையும் பேனாவும் ஒரே கையில் இருந்தன. பின்னாளில் வெல்ச் சட்டம் படித்தார் என்பதும் எனக்குத் தற்செயலாகத் தெரியவில்லை.

இலக்கியக்காரர்களுக்கு ஒரு தகவல். அந்த வருஷங்களில் கார்லைலில் வணிகப் பாடங்கள் சொல்லிக்கொடுத்த இளம் ஆசிரியை ஒருவர், பின்னாளில் நவீன அமெரிக்கக் கவிதையின் பெரிய பெயர்களில் ஒன்றான மரியான் மூர். தார்ப் அவருடைய மாணவர். மனு எழுதத் தேவையான எழுத்தும் கணக்கும் அந்த வகுப்பறைகளில் சொல்லித்தரப்பட்டன. ஒடுக்குவதற்காகக் கட்டிய நிறுவனத்தில் ஒடுக்குதலுக்கு எதிரான கருவியும் கிடந்தது. இதற்காகப் பள்ளிக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை. எடுத்தவர்களின் கைதான் கணக்கு.

8

பிறகு கதை சொல்லும் உரிமையும் கைமாறியது. 1951இல் ஹாலிவுட் தார்ப்பைப் பற்றிப் படம் எடுத்தது. தார்ப்பாக நடித்தவர் வெள்ளையர் பர்ட் லங்காஸ்டர். 1953இல் தார்ப் கலிபோர்னியாவில் ஒரு டிரெய்லர் வீட்டில் ஏழையாகச் செத்தார். ஓக்லஹோமாவில் சாக் அண்ட் ஃபாக்ஸ் மரபுப்படி நடந்துகொண்டிருந்த சடங்கின் நடுவிலேயே அவருடைய மூன்றாம் மனைவி உடலை எடுத்துச்சென்றார். சுற்றுலாவை வளர்க்க வழி தேடிய இரண்டு பென்சில்வேனியா ஊர்கள் அந்த உடலை வாங்கிப் புதைத்து, 1954இல் ஒன்றாக இணைந்து 'ஜிம் தார்ப்' என்று பெயர் வைத்துக்கொண்டன. அவர் வாழ்ந்த ஊர் அல்ல அது. மகன்கள் வழக்குப் போட்டார்கள். பூர்வகுடிகளின் எலும்புகளை அருங்காட்சியகங்கள் திருப்பித்தர வேண்டும் என்ற 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்த ஊர் ஒரு 'அருங்காட்சியகம்' ஆகுமா என்பதே கேள்வியாயிற்று. கீழ்நீதிமன்றம் 2013இல் ஆகும் என்றது. மேல்முறையீட்டில் 2014இல் ஆகாது என்று தீர்ப்பு. 2015இல் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. உடல் அங்கேயே இருக்கிறது.

கார்லைல் பள்ளியின் கல்லறையில் 180க்கும் மேற்பட்ட பிள்ளைகள் புதைக்கப்பட்டிருந்தார்கள். நோயில் செத்தவர்களே அதிகம். குடும்பங்களும் இனக்குழுக்களும் கேட்டுக் கேட்டு, 2017 முதல் அந்த எலும்புகளைத் தோண்டியெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். 2024 அக்டோபரில் ஜனாதிபதி பைடன் இந்தப் பள்ளிகளுக்காக மன்னிப்புக் கேட்டார்; டிசம்பரில் கார்லைல் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது.

இதில் எதுவும் 27-6ஆல் நடக்கவில்லை. எலும்புகளைத் திரும்ப வாங்க அந்தக் குடும்பங்கள் இன்னமும் செய்வது, 1913 குளிர்காலத்தில் ஒரு குவார்ட்டர்பேக் செய்ததைத்தான். தாளை எடுத்து, பெயர்களை வரிசையாக எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புகிறார்கள்.